மண்டபம் யாருடையது? கல்கத்தா, 1843

1843 பிப்ரவரி 8 அன்று, கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரி மண்டபத்தில் தட்சிணாரஞ்சன் முகர்ஜி ஒரு கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தார். இந்துக் கல்லூரியின் முன்னாள் மாணவர் அவர். வங்காள மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திவந்த குற்றவியல் நீதிமன்றங்களும் காவல்துறையும் எந்நிலையில் உள்ளன என்பதே கட்டுரையின் பொருள். இடையில் குறுக்கிட்டார் இந்துக் கல்லூரி முதல்வர் கேப்டன் ரிச்சர்ட்சன். கல்லூரி ராஜத்துரோகத்தின் குகையாக மாறுவதைத் தம்மால் அனுமதிக்க இயலாது என்றார்.

தலைமை வகித்திருந்தவர் தாராசந்த் சக்ரவர்த்தி. அவரும் அதே கல்லூரியில் பயின்றவர். முதல்வர் அங்கு வெறும் பார்வையாளரே என்றும், அவருடைய சொற்கள் சங்கத்துக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு என்றும், அவற்றைத் திரும்பப் பெறாவிடில் கல்லூரி நிர்வாகக் குழுவிடமும், தேவைப்பட்டால் அரசிடமும் முறையிட நேரும் என்றும் அவர் அறிவித்தார்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஐந்தாண்டுப் பழக்கம் இருந்தது. டெரோசியோவின் மாணவர்களும் அவர்களுடைய தோழர்களும் 1838-இல் தொடங்கிய பொது அறிவு ஈட்டும் சங்கம் அது. ஆசிரியர் எவரும் அதை நடத்தவில்லை. கட்டுரை வாசிப்பதாக ஒப்புக்கொண்டு, தக்க காரணமின்றித் தவறிய உறுப்பினருக்கு அபராதம் விதிக்கும் விதிகூட இருந்தது (இன்றைய கருத்தரங்க அமைப்பாளர்கள் பொறாமைப்படத்தக்க விதி!). வரலாற்றுக் கல்வியின் தேவை பற்றி கிருஷ்ணமோகன் பானர்ஜி பேசினார். இந்துப் பெண்களின் நிலை பற்றி மகேஷ் சந்திர தேவ் 1839-இல் கட்டுரை வாசித்தார். சிட்டகாங் மாவட்டத்தைப் பற்றிய விவரத் தொகுப்புகளும் வந்தன. அதுவரை எந்த முதல்வருக்கும் மண்டபம் குகையாகத் தோன்றவில்லை. சமூகத்தைக் குறைகூறும்வரை இடம் இருந்தது; காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் தொட்டபோதுதான் இடத்தின் உரிமை பற்றிய கேள்வி எழுந்தது.

ரிச்சர்ட்சனைக் கொடுங்கோலராகச் சித்தரிப்பது எளிது, ஆனால் பொருந்தாது. அவர் கவிஞர், ஷேக்ஸ்பியரை அவர் கற்பித்த விதம் ஒரு தலைமுறை மாணவர்களை ஈர்த்தது. அத்தகைய ஆசிரியர்தான் தம் கல்லூரியில் பயின்றவரின் குரலை இடைமறித்தார் என்பதே நிகழ்ச்சியைச் சிந்திக்கத்தக்கதாக்குகிறது. 1831-இல் டெரோசியோவை வெளியேற்றியதோ பெரும்பாலும் இந்தியச் செல்வந்தர்களைக் கொண்ட நிர்வாகக் குழு. ஒருமுறை மதத்தின் பெயரால், மறுமுறை அரசின் பெயரால். அச்சம் ஒரே இனத்தவருக்கு உரியதாக இருந்ததில்லை.

அந்த மண்டபத்தின் எல்லைகளையும் மறைக்கலாகாது. இந்துக் கல்லூரி இந்துக்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. பெண்களின் நிலை பற்றிய கட்டுரையைக் கேட்டவர்கள் ஆண்கள். காவலரின் கொடுமையை அன்றாடம் சுமந்த உழவருக்கு அந்த ஆங்கிலம் எட்டியிருக்காது. நீதி கோரிய அவையின் வாயில் குறுகலானது.

எனினும் கட்டுரை அடங்கிப்போகவில்லை. அடுத்த மாதமே 'பெங்கால் ஹர்க்காரு' அதை வெளியிட்டது. மண்டபத்தில் இருந்தவர்களைக் காட்டிலும் மிகப் பலர் படித்திருப்பர். சங்கத்தினரைச் 'சக்ரவர்த்தி கோஷ்டி' என்று ஆங்கிலேய ஏடு எள்ளியது. அவர்கள் அக்கல்லூரி மண்டபத்தை விட்டு வெளியேறினர். ஏப்ரல் 20 அன்று, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பேச்சாளர் ஜார்ஜ் தாம்சனைத் தலைவராகக் கொண்டு வங்காள பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் உருவானது. அதன் செயலாளர் பியாரிசந்த் மித்ரா. மாணவர் சங்கத்திலும் செயலாளராக இருந்தவர் அவரே.