ஃபேப் ஃபைவ்: 5 முதலாண்டு மாணவர்கள், ஒரே சீசன், பின்னர் அழிக்கப்பட்ட சாதனை! நடந்தது என்ன?

அமெரிக்காவில் நவம்பர் பிறந்தாலே கல்லூரி கூடைப்பந்து சீசன் களைகட்டத் தொடங்கிவிடும். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஓர் அணி, அப்போதுதான் பள்ளியை முடித்து வந்த பசங்களை நம்பிக் களமிறங்கும். அந்தப் பசங்க நாலு மேட்ச் ஜெயித்துவிட்டால் போதும், "இவங்கதான் அடுத்த ஃபேப் ஃபைவா?" என்ற கேள்வி கிளம்பிவிடும்.

30 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தப் பெயர் ஏன் பேசப்படுகிறது? கோப்பையே வெல்லாத ஓர் அணி எப்படி அளவுகோலாக மாறியது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலாண்டு மாணவர் ஆடுவது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆம், ஒரு காலத்தில் அது அனுமதிக்கப்படவே இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, பெரிய கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில், அதாவது 'வார்சிட்டி' அணியில் ஆட முடியாது. அவர்களுக்குத் தனி அணி இருந்தது. முதல் ஆண்டு படிப்பில் கவனம் செலுத்தட்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1965-ல் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் முதலாண்டு அணி, தன் சொந்தக் கல்லூரியின் பிரதான அணியையே 75-60 எனத் தோற்கடித்தது. தோற்ற அணி சாதாரண அணி இல்லை, தொடர்ந்து 2 முறை தேசிய சாம்பியன்! ஜெயித்த அணியில் இருந்த லூ அல்சிண்டர்தான் பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பாராக உலகப் புகழ் பெற்றார். அவ்வளவு திறமை இருந்தும் அந்த ஆண்டு முழுக்க அவரால் பிரதான அணியில் ஆட முடியவில்லை.

1972-73 சீசனில் இந்தத் தடை நீங்கியது. ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 18 வயதுப் பையனும், 22 வயதில் உடல் முறுக்கேறிய சீனியரும் ஒரே களத்தில் மோதும் ஆட்டம் இது. அதனால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் சீனியர்களை முதலில் இறக்கி, புதியவர்களை பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

யார் அந்த ஐவர்?

1991-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்த 5 பேர்தான் ஃபேப் ஃபைவ்.

• கிறிஸ் வெப்பர் - டெட்ராய்ட்
• ஜேலன் ரோஸ் - டெட்ராய்ட்
• ஜுவான் ஹோவர்ட் - சிகாகோ
• ஜிம்மி கிங் - டெக்சாஸ்
• ரே ஜாக்சன் - டெக்சாஸ்

இவர்களில் ஜாக்சன் தவிர மற்ற நால்வரும், நாட்டின் சிறந்த பள்ளி வீரர்களுக்கான மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன் பட்டியலில் இடம்பிடித்தவர்கள். இவர்களைச் சேர்த்தவர் பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபிஷர். 1989-ல் மிச்சிகனுக்குத் தேசியக் கோப்பையைப் பெற்றுத் தந்தவரும் இவர்தான். ஆனால் அதன்பிறகு அணி சறுக்கியது. 1990-91 சீசனில் 14 வெற்றி, 15 தோல்வி. ஆக, புதியவர்களுக்கு இடமும் இருந்தது, தேவையும் இருந்தது.

தொடக்க வாரங்களில் என்ன நடந்தது?

ஐந்து பேரையும் முதல் நாளே ஒன்றாக இறக்கிவிடவில்லை ஃபிஷர். சீனியர்களோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பொறுப்பைக் கொடுத்தார். டிசம்பரில் முதல் பெரிய சோதனை வந்தது.

1991 டிசம்பர் 14. எதிரே நடப்பு சாம்பியன் டியூக். கிறிஸ்டியன் லேட்னர், பாபி ஹர்லி, கிராண்ட் ஹில் என நட்சத்திரங்கள் நிறைந்த அணி. ஒரு மாதம்கூட சேர்ந்து ஆடாத பசங்களை டியூக் ஊதித் தள்ளிவிடும் என்றுதான் எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் ஆட்டம் கூடுதல் நேரம் வரை போனது. டியூக் 88, மிச்சிகன் 85. தோல்விதான், ஆனால் வெறும் 3 புள்ளியில்! அந்த ஒரு மேட்ச்சில் நாடு முழுக்க மிச்சிகன் பக்கம் திரும்பிப் பார்த்தது.

பிப்ரவரி 9, 1992: 74-க்கு 74

நோட்ரே டேம் அணிக்கு எதிரான அன்றைய ஆட்டத்தில்தான் ஐவரும் முதன்முறையாக ஒன்றாகத் தொடக்க வரிசையில் இறங்கினார்கள். மிச்சிகன் 74-65 என வென்றது. அந்த 74 புள்ளிகளையும் எடுத்தது இந்த 5 பேர் மட்டுமே. சீனியர்கள் பெயரில் ஒரு புள்ளிகூட இல்லை.

தொளதொள கால்சட்டை, கறுப்பு சாக்ஸ், களத்தில் ஓயாத பேச்சு என இவர்களது ஸ்டைலும் பேசுபொருளானது. இளைஞர்கள் அதைக் கெத்து என்று கொண்டாடினார்கள். மூத்த ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள்.

அதற்காக எல்லாமே வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். நாக் அவுட் தொடருக்கு முன்பு வரை 20 வெற்றி, 8 தோல்வி. நல்ல கணக்குதான், ஆனால் சாம்பியன் கணக்கு இல்லை. அதனால் 64 அணிகள் மோதும் மார்ச் மாத தேசியத் தொடரில் தங்கள் பிரிவில் 6-வது தரவரிசைதான் கிடைத்தது.

இறுதிப்போட்டியில் எங்கே கோட்டை விட்டார்கள்?

தேசியத் தொடரில் டெம்பிள், ஈஸ்ட் டென்னசி, ஓக்லஹோமா ஸ்டேட் அணிகளை வரிசையாக வீழ்த்தினார்கள். அடுத்து முதல் தரவரிசை பெற்ற ஓஹியோ ஸ்டேட்டைக் கூடுதல் நேரத்தில் 75-71 என வென்றார்கள். அரையிறுதியில் சின்சினாட்டியை 76-72 எனச் சாய்த்தார்கள்.

1992 ஏப்ரல் 6, மினியாபொலிஸில் இறுதிப்போட்டி. எதிரே மறுபடியும் டியூக். முதல் பாதி முடிவில் மிச்சிகன் 31, டியூக் 30. பசங்கதான் முன்னிலை!

ஆனால் இரண்டாம் பாதியில் கதையே மாறியது. டியூக் 41 புள்ளிகளைக் குவிக்க, மிச்சிகனால் 20 புள்ளிகள் மட்டுமே எடுக்க முடிந்தது. முடிவு 71-51. டிசம்பரில் 3 புள்ளியில் தோற்ற அதே அணியிடம் ஏப்ரலில் 20 புள்ளியில் தோல்வி.

முதல் பாதியில் திறமை ஈடு கொடுத்தது. நெருக்கடி கூடிய இரண்டாம் பாதியில், ஏற்கெனவே கோப்பையை வென்று பழகிய டியூக்கின் நிதானம் வென்றது. ஓர் இளம் அணிக்கு 4 மாதத்தில் எவ்வளவு கற்றுக்கொடுக்க முடியும், எதைக் கற்றுக்கொடுக்கவே முடியாது என்பதற்கு இந்த இரண்டு ஸ்கோர்களும் உதாரணம்.

அந்த டைம் அவுட் சம்பவம் என்ன?

அடுத்த ஆண்டும் அதே ஐவர் இறுதிப்போட்டிக்கு வந்தார்கள். 1993 ஏப்ரல் 5, நார்த் கரோலினாவுக்கு எதிரான ஆட்டம். 11 விநாடிகள் பாக்கி. மிச்சிகன் 2 புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து வெப்பர் கையில். எதிரணியினர் இருபுறமும் நெருக்க, அவர் டைம் அவுட் கேட்டார். ஆனால் அணியிடம் டைம் அவுட் எதுவும் மிச்சமில்லை!

விதிப்படி அது டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ கிடைத்தது, பந்தும் போனது. 77-71 எனக் கோப்பை கைநழுவியது. அதே ஆண்டு என்பிஏ தேர்வில் வெப்பர் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஐவர் கூட்டணியும் அத்துடன் முடிந்தது.

சாதனை அழிக்கப்பட்டது ஏன்?

கல்லூரி வீரர்கள் அப்போது அமெச்சூர்கள். உதவித்தொகை தவிர, ஆட்டத்துக்காகப் பணம் வாங்கக் கூடாது. ஆனால் எட் மார்ட்டின் என்ற மிச்சிகன் ஆதரவாளர், 4 வீரர்களுக்கு மொத்தம் 6,16,000 டாலர் கொடுத்ததாக 2002-ல் நீதிமன்ற வழக்கில் தெரிவித்தார். அந்த நால்வரில் ஃபேப் ஃபைவைச் சேர்ந்தவர் வெப்பர் மட்டுமே. இந்த விவகாரத்தில் நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்தை 2003-ல் வெப்பர் ஒப்புக்கொண்டார்.

விளைவு? 1992 அரையிறுதி, இறுதி ஆட்டங்களும், 1992-93 சீசன் முழுவதும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. அரங்கில் தொங்கிய பேனர்கள் இறக்கப்பட்டன. 25 வெற்றி, 9 தோல்வி என்றிருந்த முதல் சீசன் கணக்கு, 24-8 ஆனது. ஒருவர் மீதான நடவடிக்கையில் ஐவரின் உழைப்பும் ஏட்டிலிருந்து போனது.

அதேசமயம் இன்னொரு கேள்வியும் எழுந்தது. பசங்க பெயரில் டிக்கெட் விற்றது, டிவி ஒளிபரப்பு நடந்தது, ஜெர்சி விற்றது. அதில் ஆடியவர்களுக்கு நேர்மையான வழியில் ஒரு பங்கும் இல்லையே, ஏன்?

இப்போது நிலைமை என்ன?

• 2021 ஜூலை முதல், வீரர்கள் தங்கள் பெயர், படத்தை விளம்பரங்களுக்குத் தந்து சம்பாதிக்கலாம்.
• 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாக வருமானத்தில் பங்கு தரலாம். 2025-26-க்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர்.
• 2006 என்பிஏ தேர்வு முதல், அமெரிக்க வீரர்கள் பள்ளி முடித்து ஓராண்டு கழித்தே என்பிஏ-வுக்குப் போக முடியும். அதனால் பலர் ஒரே ஆண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

2012-ல் கென்டக்கியும், 2015-ல் டியூக்கும் முதலாண்டு மாணவர்களை நம்பியே கோப்பையை வென்றன. ஆனால் 2025 அரையிறுதியில் 3 முதலாண்டு மாணவர்களுடன் தொடங்கிய டியூக், இரண்டாம் பாதியில் 14 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டு ஹூஸ்டனிடம் 70-67 எனத் தோற்றது. அந்தக் கோப்பையை வென்றது சீனியர்கள் நிறைந்த ஃபுளோரிடா.

இளம் அணியை எப்படிப் பார்க்கலாம்?

நவம்பர், டிசம்பர் மாத வெற்றி தோல்விகளை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். இந்த 3 விஷயங்களைக் கவனித்தால் போதும்.

1. பந்தைத் தேவையில்லாமல் எதிரணியிடம் இழப்பது வாரத்துக்கு வாரம் குறைகிறதா?
2. வெளியூர் அரங்கின் இரைச்சலில் அணி தாக்குப்பிடிக்கிறதா?
3. கடைசி 5 நிமிடத்தில் பந்து யார் கைக்குப் போகிறது, அவர் பதறாமல் இருக்கிறாரா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கத்தான் அதிக நாளாகும். ஃபேப் ஃபைவ் அணிக்கு இரண்டு சீசன் போதவில்லை. அடுத்த முறை, பள்ளி முடித்த கையோடு வந்த பசங்க டிசம்பரில் ஒரு பெரிய அணியிடம் தோற்றால், ஸ்கோரோடு நிறுத்திவிடாமல் அந்தக் கடைசி 5 நிமிடத்தையும் ஒருமுறை பாருங்கள்.