எரிப்பதா, கைப்பற்றுவதா? அமெரிக்க அரசமைப்பும் அடிமைகளின் கேள்வியும்



நம்மை மனிதராகவே எண்ணாமல் எழுதப்பட்ட ஒரு சட்டத்தை என்ன செய்வது? எரிப்பதா, நம்முடையதாக்கிக்கொள்வதா? அமெரிக்கக் கறுப்பின மக்கள் முன் நின்ற இந்தக் கேள்வி நமக்கும் அந்நியமானதல்ல.

1787 கோடையில் பிலடெல்பியாவில் 55 பிரதிநிதிகள் கூடினார்கள். செப்டம்பர் 17 அன்று 39 பேர் அரசமைப்பில் கையெழுத்திட்டார்கள். அதிகாரம் மக்களிடமிருந்து பிறக்கிறது. சட்டமியற்றலும் நிர்வாகமும் நீதியும் தனித்தனிக் கைகளில் இருக்கும். மைய அரசும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். மன்னராட்சி உலகில் இவை பெரிய கொள்கைகள்தாம். ஆனால் அந்த மண்டபத்தில் ஒரு பெண் இல்லை. ஒரு கறுப்பர் இல்லை. ஒரு பூர்வகுடி இல்லை. அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள் பலர் இருந்தார்கள்.

'அடிமை' என்ற சொல் அந்த ஆவணத்தில் இல்லை. அடிமைமுறை இருந்தது. பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகள் ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டார்கள். அடிமை இறக்குமதியை 1808 வரை நாடாளுமன்றம் தடைசெய்ய முடியாது. தப்பியோடியவரை உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். 1790 கணக்கெடுப்பில் சுமார் 39 லட்சம் மக்களில் 7 லட்சம் பேர் அடிமைகள். வாக்கில்லாத அவர்களின் தலைகளைக் காட்டி, அவர்களுடைய எஜமானர்கள் கூடுதல் இடங்களைப் பெற்றார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அதே கணக்கு. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாவின் அடிமை உடைமையாளர்களே அப்பதவியில் இருந்தார்கள்.

அடிமைமுறை இல்லாத பகுதிகளில் வாழ்ந்த டிரெட் ஸ்காட், அதனாலேயே தான் விடுதலை பெற்றவன் என்று வழக்காடினார். 1857இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டானி, கறுப்பர் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று தீர்ப்பளித்தார்.

அடிமை ஒழிப்பாளர்களுக்குள்ளேயே கருத்து பிளந்திருந்தது. வில்லியம் லாயிட் காரிசன் 1854 ஜூலை 4 அன்று அரசமைப்பின் பிரதியைப் பொதுமேடையில் எரித்தார். அவரது இயக்கத்தில் வளர்ந்தவர் ஃபிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பியவர். தொடக்கத்தில் காரிசன் வழியில் நின்ற டக்ளஸ், 1851இல் தன் நிலையை மாற்றிக்கொண்டார். முகவுரை 'மக்கள்' என்கிறது, வெள்ளையர் என்று சொல்லவில்லை. எழுதியவர்களின் மனத்தை விட்டுவிட்டு எழுதிய சொல்லைப் பிடிப்போம் என்பது அவர் வாதம். ஆவணத்தை எஜமானர்களிடமே விட்டுவிட அவர் தயாராக இல்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் மூன்று திருத்தங்கள் வந்தன. 1865இல் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் 14ஆம் திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பையும் தந்தது. 1870இல் 15ஆம் திருத்தம் வாக்குரிமையில் நிறவேறுபாட்டைத் தடுத்தது. அதே 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைராம் ரெவல்ஸ் முதல் கறுப்பின செனட்டரானார்.

ஆனால் 13ஆம் திருத்தத்தில் ஓர் ஓட்டை இருந்தது: குற்றத்துக்குத் தண்டனையாக வேலை வாங்கலாம். தென்மாநிலங்கள் வேலையின்றித் திரிவதையே குற்றமாக்கின. கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் வாக்கைப் பறித்தன. 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் 'தனித்தனி, ஆனால் சமம்' என்று உச்ச நீதிமன்றம் பிரிவினைக்கு முத்திரை குத்தியது. ஹார்லன் என்ற ஒரே நீதிபதி மட்டும் மறுத்தார். திருத்தம் ஏட்டில் இருந்தது, ஊரில் இல்லை.

அதற்கு உயிர் கொடுத்தவர்கள் மக்கள். பள்ளிக்கூட வழக்குகளில் கையெழுத்திட்ட பெற்றோர்கள், 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்த மான்ட்கமரி உழைப்பாளிகள், செல்மா பாலத்தில் அடிவாங்கியவர்கள். 1954இன் பிரவுன் தீர்ப்பும் 1965இன் வாக்குரிமைச் சட்டமும் அவர்கள் ஈட்டியவை.

1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்ற அண்ணல் அம்பேத்கர், 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். நம் அரசமைப்பின் 14ஆம் பிரிவில் உள்ள 'சட்டங்களின் சமப் பாதுகாப்பு' அமெரிக்காவின் 14ஆம் திருத்தத்தின் வழி வந்தது. அதே அம்பேத்கர்தான் 1953இல் மாநிலங்களவையில், இந்த அரசமைப்பை எரிக்கும் முதல் ஆளாக நானே இருப்பேன் என்று கொதித்தார். காரிசனின் கோபமும் டக்ளஸின் பிடிவாதமும் ஒரே மனிதரிடம் இருந்தன.

நமக்கு இரண்டும் வேண்டும். கோபம் இல்லாவிட்டால் ஏட்டில் எழுதியதே போதும் என்று இருந்துவிடுவோம். பிடிவாதம் இல்லாவிட்டால், நம் முன்னோர் போராடி எழுதவைத்த சொற்களை மற்றவர்கள் தமக்கென எடுத்துக்கொள்வார்கள். மாணவர்களே, அரசமைப்பைத் திறந்து 14ஆம் பிரிவிலிருந்து 17ஆம் பிரிவு வரை படியுங்கள். பிறகு உங்கள் ஊரின் சுடுகாட்டுப் பாதையையும் தேநீர்க் கடையையும் போய்ப் பாருங்கள். இடையில் உள்ள தூரம்தான் நம் வேலை.