வளனும் சூசையும்: பெயர்கள் தமிழான வரலாறு

நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய இராகேல் ஒரு மகனைப் பெற்றாள். பெற்றதோடு அவள் மனம் அமையவில்லை. இறைவன் இன்னும் ஒரு மகனைக் கூட்டித் தரட்டும் என்ற வேண்டுதலையே பிள்ளைக்குப் பெயராக்கினாள். எபிரேய மொழியில் 'யோசேப்' என்பதற்குச் சேர்ப்பாராக, பெருக்குவாராக என்பது பொருள். விவிலியத்தின் தொடக்க நூல் கூறும் செய்தி இது. ஒரு தாயின் நிறைவுறாத ஆசை அந்தச் சிறு சொல்லில் தங்கியிருக்கிறது.

அந்தப் பெயர் தமிழ் நிலத்துக்கு ஒரு வழியில் மட்டும் வந்து சேரவில்லை. முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியர் அதை 'ஜோஸே' என எழுதினர். அவர்கள் நாவில் அதன் முதலொலி மென்மையானது. ஓகாரமும் உகரச் சாயல் பெற்றது. பரதவர் செவியில் அது 'சூசை' ஆயிற்று. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கும் அவர் வழிவந்தோரும் எபிரேய, கிரேக்க மூலங்களை நோக்கித் திருமறையைப் பெயர்த்தவர்கள்; அம்மரபில் 'யோசேப்பு' நிலைபெற்றது. ஆங்கிலேயர் பள்ளிகள் 'ஜோசப்'பைக் கொணர்ந்தன. அரபு வழியே வந்த 'யூசுப்' கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வழங்கியது. ஒரே தெருவில் வாழும் சூசையும் யோசேப்பும் ஜோசப்பும் யூசுப்பும் தாம் ஒரே பெயரினர் என்பதை அறியாமலே இருந்துவிடக் கூடும். அவர்கள் முன்னோர் எந்தக் கப்பலின் வழியே அப்பெயரைப் பெற்றனர் என்பதை மட்டும் அந்த ஒலி வேறுபாடு காட்டிக் கொடுத்துவிடும்.

இந்நான்கும் ஒலியைப் பற்றிக்கொண்டு வந்தவை. பொருளைப் பற்றிக்கொண்ட ஐந்தாவது வடிவம் ஒன்றுண்டு. அது 'வளன்'. இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி, தமிழில் வீரமாமுனிவரானவர், தம் தேம்பாவணியின் தலைவனுக்கு இட்ட பெயர் இது. பெருகுதல் என்னும் எபிரேயக் கருத்தை வளம் என்னும் தமிழ்ச் சொல்லில் கண்டு, ஆண்பால் ஈறு கொடுத்து நிறுத்தினார். ஜுசேப்பே என்பதும் யோசேப்பின் இத்தாலிய வடிவமே. ஆகவே முனிவர் தம் பெயரையே தமிழாக்கித் தம் காப்பியத் தலைவனுக்குச் சூட்டினார் என்றும் சொல்லலாம். அவருடைய மற்றொரு பெயரும் இவ்வாறே பெயர்ந்தது. கொன்ஸ்தான்சோ என்பது நிலைகுலையாத உறுதியைக் குறிக்கும் இலத்தீன் வேரினது. அதனால் முதலில் தைரியநாதர் எனப்பட்டார். வீரமாமுனிவர் என்ற பெயர் பின்னர் நிலைத்தது.

பிறமொழிப் பெயரைத் தமிழ் ஏற்றுக்கொள்ளும் வகைகள் பாதிரிமார் வருகைக்கு முன்பே இங்கு வகுக்கப்பட்டிருந்தன. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைத்துக்கொள்க என்ற விதி தொல்காப்பியத்தது. கம்பர் அவ்விதி நின்று இலக்குமணனை இலக்குவன் ஆக்கினார். விபீஷணனை வீடணன் ஆக்கினார். பொருளைப் பெயர்த்துக்கொள்ளும் மரபும் உடன் இருந்தது. அர்த்தநாரி மாதொருபாகன் ஆனதும், இரணியன் பொன்பெயரோன் ஆனதும் அவ்வழிப்பட்டவை. ஆயினும் இவை பெரும்பாலும் தெய்வங்களுக்கும் காப்பிய மாந்தர்க்கும் உரியன. நாள்தோறும் அழைக்கப்படும் மனிதனுக்குப் பிறமொழிப் பெயரின் பொருளையே பெயராகச் சூட்டி, அதைத் தலைமுறை தலைமுறையாக வழங்கச் செய்தது கத்தோலிக்கத் தமிழ் மரபின் தனிச் செயல்.

யோவான் என்னும் பெயரைக் கொள்வோம். யாவே இரங்கினார், அருள் செய்தார் என்பது எபிரேய மூலத்தின் பொருள். அது கிரேக்கத்தில் யோவான்னேஸ், ஆங்கிலத்தில் ஜான், உருசியத்தில் இவான், போர்த்துக்கீசியத்தில் ஜுவாங் எனத் திரிந்து திரிந்து, எல்லா இடங்களிலும் பொருளை இழந்தது. ஜான் என்று அழைக்கப்படும் ஆங்கிலேயனுக்குத் தன் பெயரில் அருள் இருப்பது தெரியாது. தமிழில் அது 'அருளப்பன்' ஆயிற்று. ஈராயிரம் ஆண்டுகள் மறைந்து கிடந்த பொருள் ஒரு தமிழ்க் குழந்தையின் பெயரில் மீண்டும் வெளிப்பட்டது. வீரமாமுனிவர் திருமுழுக்கு யோவானைக் 'கருணையன்' என்றார். அதுவும் அருளின் வேறொரு பெயரே.

பவுல் என்பதன் இலத்தீன் மூலமாகிய பவுலுஸ் சிறியவன் என்று பொருள்படும்; தமிழில் 'சின்னப்பர்'. கிரேக்கத்தில் ஸ்தேபனோஸ் என்றால் முடி, வெற்றி மாலை. முதல் மறைசாட்சியாகிய ஸ்தேவான் 'முடியப்பர்' ஆனார். இலாசர் என்பது எலெயாசர் என்பதன் குறுக்கம், கடவுள் துணை செய்தார் எனப் பொருள்படுவது. 'தேவசகாயம்' அதற்கு நேர். தொமினிக் என்பது ஆண்டவனுக்கு உரியவன் என்ற பொருளது; அவர் 'சாமிநாதர்'. தமிழ்த்தாத்தாவின் பெயரும் எசுப்பானியத் துறவியின் பெயரும் இவ்வாறு ஒன்றாகிவிட்டன. பேதுருவை 'இராயப்பர்' என்பதற்கு, கல்லைக் குறிக்கும் தெலுங்கின் 'ராயி' என்ற சொல்லையே அடிப்படையாகக் காட்டுவர். பாறை எனப் பொருள்படும் அரமேயப் பெயர் கேபா, கிரேக்கத்தில் பெத்ரோஸ் ஆகி, இங்கே இராயப்பராக வந்து நின்றது.

இப்பெயர்களின் ஈறும் நோக்கத்தக்கது. அப்பன், முத்து, சாமி, நாதன், அம்மாள் என்னும் ஈறுகள் சமயம் கடந்து வழங்குவன. சின்னப்பன் என்ற பெயரைக் கேட்ட அளவில் அவர் கிறித்தவரா, முருகன் அடியாரா எனக் கூற இயலாது. பி.யு. சின்னப்பாவையும் சாண்டோ சின்னப்பா தேவரையும் தமிழகம் நன்கறியும். அவர்கள் பெயரில் புனித பவுலுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. பவுலின் பெயரைத் தாங்கியவர், ஊராரின் பெயர் வரிசையில் அயலாராகத் தோன்றாமல் வாழ முடிந்தது.

இது உரோமைத் திருச்சபையில் வழக்காடப்பட்ட பொருளும் ஆகும். 1606இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் எனப் பெயர் கொண்ட ராபர்ட் தெ நோபிலி, கிறித்தவராதல் போர்த்துக்கீசியராதல் அன்று என்று வாதிட்டவர். கடற்கரையில் திருமுழுக்குப் பெற்றோர்க்குப் பெர்னாண்டோ, கோஸ்தா, வாஸ் எனப் பறங்கிப் பெயர்கள் வழங்கிவந்த காலம் அது. உள்நாட்டில் அப்பெயர்கள் ஒருவரைத் தம் சுற்றத்திலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாயின. நோபிலியின் நெறியை ஏற்றவர்க்கும் எதிர்த்தவர்க்கும் இடையே எழுந்த மலபார்ச் சடங்குப் பூசல் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1704இல் புதுச்சேரியில் தங்கியிருந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். திருமுழுக்கில் புனிதர் பெயரையே இட வேண்டும். சிலுவை, புனிதர், திருப்பொருள்கள் ஆகியவற்றின் பெயர்களை நாட்டு மொழியில் மாற்றலாகாது. இலத்தீன் பொருளைப் பிழையின்றித் தரும் சொல் இருந்தால் மட்டும் அது செல்லும் என்பது அவ்வாணையின் ஒரு கூறு. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இப்பூசலை முடித்துவைத்த மடலிலும் புனிதர் பெயரிடும் கடமை வலியுறுத்தப்பட்டது.

தடையாகப் பிறந்த இவ்வாணை ஒரு வாயிலையும் திறந்து வைத்தது. பொருள் பொருந்தினால் போதும் என்றானபோது, பெயரின் வேரைத் தேடிக் கண்டு தக்க தமிழ்ச் சொல்லை வைக்கும் புலமை, சட்டத்தின் பாதுகாப்பையும் பெற்றது. அருளப்பரையும் முடியப்பரையும் எவரும் குறை சொல்ல முடியாது. அவை இலத்தீனைக் காட்டிலும் மூலத்துக்கு நெருங்கியவை.

ஒரு பெயருக்காக உயிர் கொடுத்தவரும் உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசின் பணியில் இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் உரோமையில் அவருக்குப் புனிதர் நிலை அறிவிக்கப்பட்டபோது பெயர் 'தேவசகாயம்' என்றே ஒலித்தது. இலாசர் எனத் திருப்பிப் பெயர்க்கப்படவில்லை. நெடுங்காலம் ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் சாதி ஒட்டு அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது.

பொருளைப் பெயர்க்க முடியாதவையும் பல. சவேரியார் என்பது நவார்ரே நாட்டுக் கோட்டை ஒன்றின் பெயர். பாஸ்கு மொழியில் 'எச்சே பெரி', புதுவீடு என்பது அதன் பொருள். புதுவீட்டப்பன் என எவரும் பெயரிடத் துணியவில்லை, அது நல்லதாயிற்று. சவரிமுத்து, சவரியப்பன், சவரிராயன் என ஒலி பெருகியது. முத்தெடுத்தோர் கரையில் சவரியோடு முத்து சேர்ந்தது இயல்புதான். தனிநாயக அடிகளின் முழுப் பெயரில் சேவியரும் தனிநாயகமும் அருகருகே நிற்கின்றன. சந்தியாகப்பரில் வேறொரு வேடிக்கை: புனிதர் எனப் பொருள்படும் 'சாந்த்' என்ற சொல் யாகோ என்ற பெயரோடு ஒட்டிச் சந்தியாகு ஆயிற்று, அதன்மேல் அப்பரும் அமர்ந்தார். ஒருவரை இருமுறை வணங்கும் பெயர் அது.

மரியா என்ற பெயரின் மூலப்பொருள் குறித்து அறிஞர் இன்றும் ஒன்றுபடவில்லை. பெயர்க்கப் பொருள் இல்லாததால் தமிழர் அவள் பட்டங்களைப் பெயராக்கினர். அமலோற்பவம், ஆரோக்கியம், அடைக்கலம், சகாயம், வியாகுலம் எனப் பெண்மக்கள் அழைக்கப்பட்டனர். மகளுக்குத் துயரம் என்று பெயரிடும் துணிவு எசுப்பானியத்தின் 'தொலோரஸ்' என்ற பெயரிலும் உண்டு. வியாகுலம்மாள் அதன் தமிழ்த் தங்கை. 1858இல் காட்சி நிகழ்ந்ததாக நம்பப்படும் பிரெஞ்சு ஊர் இலூர்து, இலூர்துசாமி, இலூர்தம்மாள் எனப் பல்லாயிரவர்க்குப் பெயராயிற்று. 1917இன் போர்த்துக்கல் காட்சிக்குப் பின் பாத்திமா மேரிகள் தோன்றினர். பாத்திமா என்னும் அச்சிற்றூரின் பெயரோ அரபுப் பெயர், பால் மறக்கச் செய்பவள் என்னும் பொருளது, நபிகளின் திருமகளுடையது. ஒரே தமிழூரில் பாத்திமா பீவியும் பாத்திமா மேரியும் இருப்பதற்கு இடையே ஐபீரிய நாட்டு அரபு ஆட்சியின் நீண்ட வரலாறு கிடக்கிறது.

தமிழ் முசுலிம்கள் பொருளைப் பெயர்க்கும் வழியில் பெரிதும் செல்லவில்லை. அரபுப் பெயரின் சொல்லே போற்றத்தக்கது என்பது அவர்கள் நெறி. ஆனால் தமிழ் நா அச்சொல்லைத் தன்போக்கில் செதுக்கிக்கொண்டது. கீழக்கரை வள்ளல் செய்கு அப்துல் காதிர், செய்தக்காதி ஆகிச் சீதக்காதி ஆனார். வல்லமை உடையவனின் அடிமை என்ற பொருள் அவ்வடிவில் முற்றும் மறைந்தது. அவ்விடத்தில் செத்தும் கொடுத்தவன் என்ற பழமொழிப் பொருள் வந்து குடியேறியது. பெயரின் வேர்ப்பொருளை ஒருவர் வாழ்வே மாற்றி எழுதிய இதைப் போன்ற சான்று கிடைப்பது அரிது.

சீர்திருத்தச் சபையிலும் இருவகைப் போக்கும் உண்டு. 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழராகிய ஆரோன், ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்தவர். முதலிரு ஒலிகள் ஏறக்குறைய மாறாமலே சமயம் மாறியது. இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ண பிள்ளை, ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர்களை முன்னே சேர்த்துக்கொண்டும் கிருஷ்ணனைக் கைவிடவில்லை. கண்ணன் பெயரோடு கிறித்துவைப் பாடியவரைத் தமிழுலகம் தயக்கமின்றி ஏற்றது.

வீரமாமுனிவர் யோசேப்பை வளன் ஆக்கி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனார். வேதாசலம் 1916இல் மறைமலையடிகள் ஆனார். தேவநேசன் தேவநேயன் ஆகிப் பாவாணர் ஆனார். தனித்தமிழ் இயக்கத்தைப் பேசுவோர் இப்பெயர் மாற்றங்களை ஒரு புதுமையாகவே குறிப்பர். பரிதிமாற் கலைஞர் கையாண்ட முறைக்கும் தேம்பாவணியின் முறைக்கும் அணுவளவும் வேறுபாடில்லை: சொல்லைப் பிரித்தல், பொருளறிதல், தமிழ்ச்சொல் இடுதல். அயலவர் வரைந்த வழி என்பதனாலோ, சமய வேலிக்கு அப்பால் இருந்ததாலோ, அந்தத் தொடர்பு எண்ணப்படாமலே போயிற்று.

1966 முதல் 1987 வரை சென்னை மயிலைப் பேராயராக இருந்தவரின் பெயர் இராயப்பா அருளப்பா. பேதுருவும் யோவானும் முழுத்தமிழில் ஒருங்கே நின்ற பெயர் அது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அதில் அருளப்பரின் நற்செய்தி யோவான் நற்செய்தி ஆயிற்று. சின்னப்பர் பவுல் ஆனார். இராயப்பர் பேதுரு ஆனார். பிரிந்திருந்த சபைகள் ஒரே நூலை வாசிக்க இவ்விட்டுக்கொடுத்தல் வேண்டியிருந்தது. உலக வழக்கோடு ஒத்துப்போகவும் அது உதவியது. இழந்தது எது என்பதைப் பாவலர் அறிவர். அருளப்பன் என்று பெயர் பெற்ற முதியவர் இன்று கோயிலில் அமர்ந்து யோவானின் வாசகத்தைக் கேட்கிறார். அவர் பேரனின் பெயர் ஜான்சன். யோவானின் மகன் என்பது அதன் பொருள்.