திரைக்குப் பின்னால் ஓர் இசைக்குழு

வால்வு ரேடியோவின் முகப்பில் 'டோன்' என்றொரு குமிழ் இருந்ததை முதியவர்கள் அறிவார்கள். அதை ஒரு பக்கம் திருப்பினால் ஒலி கூர்மையாகும். மறுபக்கம் திருப்பினால் கனத்து, மிருதுவாகும். பல வீடுகளில் அந்தக் குமிழ் மிருதுவான பக்கத்திலேயே நின்றுவிட்டது. அப்படியானால் மக்களுக்குத் தெளிவான இசை வேண்டாமா? எளிமையாகத் தோன்றும் இக்கேள்வி 1940களில் அமெரிக்காவில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

விவாதத்தைப் புரிந்துகொள்ள, முதலில் ஒலியின் இயல்பைச் சிறிது பார்ப்போம். நல்ல செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களை உணரும். பியானோவின் கடைசிக் கட்டை எழுப்பும் சுரத்தின் அடிப்படை அதிர்வெண்ணே ஏறத்தாழ 4,186 ஹெர்ட்ஸ்தான். ஆகவே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பவை பெரும்பாலும் மேற்சுரங்களே. ஆனால் ஒரே சுரத்தை வயலினும் புல்லாங்குழலும் எழுப்பும்போது எது வயலின், எது குழல் என்று உங்களால் சொல்ல முடிவதற்கு இம்மேற்சுரங்கள் பெரிதும் துணைபுரிகின்றன.

அக்காலத்துச் சாதாரண ரேடியோப் பெட்டிகளும் இசைத்தட்டுக் கருவிகளும் 5,000 ஹெர்ட்ஸை ஒட்டியே ஓய்ந்துவிட்டன. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1930களில் உருவாக்கிய பண்பலை ஒலிபரப்போ 15,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுசெல்ல வல்லது. பிரிட்டனில் டெக்கா நிறுவனம், நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலிகளை வேறுபடுத்தி அறியப் போர்க்காலத்தில் உருவாக்கிய நுட்பத்தைக் கொண்டு, 14,000 ஹெர்ட்ஸ் வரை பதிந்த இசைத்தட்டுகளை வெளியிட்டது. இவற்றுக்கெல்லாம் பணம் செலவாகும். கேட்பவர் விரும்பாவிட்டால் அச்செலவு எதற்கு?

1945ஆம் ஆண்டில் சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஹோவர்ட் சின், பிலிப் ஐசன்பெர்க் என்னும் இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே இசைப்பகுதியைக் குறுகிய வீச்சிலும் அகன்ற வீச்சிலும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலோர் அகன்ற வீச்சை ஒதுக்கினர். இதுதான் உயர்தர ஒலி என்று முன்கூட்டியே சொன்ன பிறகும் முடிவு மாறவில்லை. பொதுமக்களின் செவிக்கு இவ்வளவு போதும் என்று வாதிட்டவர்களுக்கு இது நல்ல ஆதாரமாயிற்று.

இதை ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தின் ஹாரி ஓல்சன் வேறு கோணத்தில் நோக்கினார். அவர் மூன்று விளக்கங்கள் இருக்கக்கூடும் எனக் கருதினார். ஒன்று, பல்லாண்டு ரேடியோ கேட்டுப் பழகிய செவி அந்தக் குறுகிய ஒலியையே இயல்பென ஏற்றுவிட்டிருக்கலாம். இரண்டு, இசைக்கருவிகளின் மேற்சுரங்களே செவிக்கு இனியவையாக இல்லாதிருக்கலாம். மூன்று, குற்றம் இசையில் இல்லாமல், அதைத் திரும்ப ஒலிக்கும் கருவியில் இருக்கலாம்.

இம்மூன்றையும் பிரித்தறிவது எப்படி? கருவியையே நீக்கிவிட வேண்டும்! 1947ஆம் ஆண்டில் ஓல்சன் வெளியிட்ட சோதனை இதுதான். ஒலியைத் தடுக்காமல் பார்வையை மட்டும் மறைக்கும் திரைக்குப் பின்னால் ஒரு சிறு இசைக்குழு அமர்ந்து நேரடியாக வாசித்தது. குழுவுக்கும் கேட்பவருக்கும் இடையே, துளையிட்ட உலோகத் தகடுகளாலான வடிகட்டி. அதை மூடினால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை தடைப்படும். திறந்தால் இசை முழுமையாக வரும். இடையில் ஒலிவாங்கியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் பேர் கேட்டனர். பெரும்பான்மையோர் தேர்ந்தது முழு இசையையே!

பழக்கமே காரணம் என்றால் அவர்கள் இங்கும் குறுகிய ஒலியையே நாடியிருக்க வேண்டும். மேற்சுரங்கள் கசந்திருந்தால் நேரடி இசையிலும் கசந்திருக்க வேண்டும். எஞ்சியது மூன்றாவது விளக்கமே.

கருவி செய்த குற்றம் யாது? ஒலியைப் பெருக்கும்போது குறைபாடுள்ள கருவி அதைச் சிறிது உருக்குலைக்கும். 3,000 ஹெர்ட்ஸ் ஒலி உள்ளே சென்றால், அதனுடன் 6,000, 9,000 என இசையில் இல்லாத அதிர்வுகளும் வெளிவரும். போதாக்குறைக்கு, பழைய இசைத்தட்டின் அரக்குக் கலவையில் கனிமப் பொடி கலந்திருந்ததால் ஊசி உராயும் சீற்றமும் சேர்ந்துகொள்ளும். இவை மிகுதியாகத் தொல்லை தருவது மேல் அதிர்வெண்களில்தான். குமிழைத் திருப்பும்போது மேற்சுரங்களோடு இந்த இரைச்சலும் போய்விடுகிறது. ஆகவே குமிழைத் திருப்பிய இல்லத்தரசியின் செவி மந்தமானதன்று. கருவியின் குறையை அது சரியாகவே கண்டுகொண்டது எனலாம்.

பின்னர், உருக்குலைவு மிகக் குறைந்த இருதட ஒலிக்கருவியைக் கொண்டு ஓல்சன் சோதித்தபோதும் மக்கள் முழு வீச்சையே விரும்பினர். இதற்கிடையில் 1948இல் கொலம்பியா நிறுவனம் வினைல் நெடுந்தட்டை வெளியிட்டது. சீற்றம் குறைந்தது, ஒரு பக்கத்துக்கு 4 நிமிடம் என்பது 20 நிமிடங்களுக்கு மேலாக உயர்ந்தது. 1950களில் வீட்டு ஒலிக்கருவி ஆர்வலர் கூட்டம் பெருகியதற்கு இந்த மாற்றங்களும் காரணம்.

பழைய கேள்வி மறுபடியும் எழாமலில்லை. 2009ஆம் ஆண்டளவில், சுருக்கப்பட்ட எம்பி3 இசைக்குப் பழகிய இளைஞர்கள் அதன் குறைகளையே விரும்பத் தொடங்கிவிட்டனர் என்ற பேச்சு பரவியது. ஷான் ஓலிவ் என்னும் ஒலியியல் ஆய்வாளர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் சோதித்தார். எது எதுவென்று அறியாமல் கேட்ட அம்மாணவர்கள், மிகுதியாகச் சுருக்கிய எம்பி3 ஒலியைவிடக் குறுந்தகட்டின் தரத்தையே அதிகமாக விரும்பினர்.

நீங்களும் இதைச் சோதிக்கலாம். ஒரே பாடலை மிகுதியாகச் சுருக்கிய வடிவிலும் சுருக்காத வடிவிலும் நண்பர் ஒருவரை மாற்றி மாற்றி ஒலிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே உரப்பில் இருக்க வேண்டும். உரத்து ஒலிப்பதே சிறந்ததென்று செவி ஏமாறக்கூடும். எது எதுவென்று உங்களுக்குத் தெரியக்கூடாது. கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் தேர்வை எழுதி வாருங்கள். மக்களின் சுவை இவ்வளவுதான் என்று இனி யாரேனும் கூறினால், எந்தக் கருவியில் கேட்கச் செய்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.