எல்லைக்கோடும் வழிச்செலவும்: வன்னியின் நீதிமன்ற எல்லைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நீதிமன்ற எல்லைகளை மாற்றியமைப்பது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் திறைசேரியின் பக்கம் நின்றே பேசுகின்றனர். ஒரு மன்றத்தை மூடினால் மிச்சம் எவ்வளவு, புதியதொன்றைத் திறந்தால் நீதிபதிக்கும் பதிவாளருக்கும் கட்டடத்துக்கும் செலவு எவ்வளவு என்பதே அவர்தம் கணக்கு. அக்கணக்கில் ஒரு வரி எப்போதும் விடுபட்டுப் போகின்றது. வழக்காளி தன் ஊரிலிருந்து மன்றத்துக்குப் போய்வரும் செலவும், அன்றைய நாள் இழந்த கூலியும், இரவு தங்க நேர்ந்தால் அதற்கான செலவும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. விடுபட்ட இவ்வரியை மனத்திற்கொண்டு வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, நமக்குப் பழக்கமான ஆண்டுகள் சில வேறொரு பொருளைத் தருகின்றன.

1833ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி இலங்கை ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது என நம் மாணவர்க்கு மனனஞ் செய்விக்கின்றோம். ஏன் ஐந்து என்று அவர்கள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. 1820களில் குடியேற்ற அரசின் வருவாய் அதன் செலவுக்குப் போதவில்லை. ஆணைக்குழுவினர் வந்த நோக்கங்களுள் செலவைச் சுருக்குவது தலையாயது. பதினாறு மாவட்டங்கள் இருந்த இடத்தில் ஐந்து மாகாணங்கள் வந்தமைக்கும், சிவில் சேவையினரின் சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டுண்டமைக்கும் அதுவே காரணம். யாழ்ப்பாணம், மன்னார், வன்னி என்பவற்றோடு அநுராதபுரத்தை உள்ளடக்கிய நுவரகலாவியாவும் சேர்ந்து வட மாகாணமாயிற்று. இப்பரந்த நிலம் முழுவதற்கும் ஒரே அரசாங்க அதிபர். அவர் இருக்கை யாழ்ப்பாணத்தில். ஒல்லாந்தர் காலத்தின் இறுதியில், நாகெல் என்னும் அதிகாரி முல்லைத்தீவிலிருந்து வன்னியை ஆண்டார். பண்டார வன்னியன் 1803இல் தாக்கிக் கைப்பற்றியதும் அந்த முல்லைத்தீவையே. அவ்வளவு முக்கியமான இடம் புதிய ஏற்பாட்டில் ஓர் ஓரமாகச் சுருங்கியது.

நீதித்துறையைப் பற்றிய அறிக்கையை எழுதியவர் கமரன். அதன் பயனாக வந்த 1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயம் பழைய மேன்முறையீட்டு மன்றங்களை ஒழித்து, உயர் நீதிமன்றத்தை மாத்திரமே மேன்முறையீட்டு மன்றமாக்கியது. தீவு முழுவதற்கும் மூன்று நீதிபதிகள். நாடு கொழும்பு மாவட்டமும் மூன்று சுற்றுக்களுமாகப் பகுக்கப்பட்டது. நீதிபதி சுற்றில் வரும்போது உள்ளூர் உதவியாளர் மூவருடன் அமர்ந்து மேன்முறையீடுகளைக் கேட்பார். சிக்கனத்தின் பொருட்டு எழுந்த ஏற்பாடுதான். ஆயினும் ஒரு நன்மை அதிலிருந்தது. மன்றம் மக்களை நோக்கி ஓரளவேனும் நடந்து வந்தது. யாழ்ப்பாணம் வரையிலே வந்தது. காடு கடந்து முல்லைத்தீவுக்கு வந்ததென்று கொள்ள இடமில்லை. நாளடைவில் அந்நடையும் நின்று மேன்முறையீடுகள் கொழும்பிலேயே கேட்கப்பட்டன.

கீழ்மட்டத்தில் சிக்கனம் வேறொரு வடிவெடுத்தது. ஒதுக்குப்புற நிலையங்களில் வரி திரட்டும் உதவி அரசாங்க அதிபரே நீதவான் ஆசனத்திலும் அமர்ந்தார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் இருந்த லெனாட் வூல்வ் இதற்கு யாவரும் அறிந்த உதாரணம். ஒரே சம்பளத்தில் இரண்டு உத்தியோகம். வரியையும் காட்டுச் சட்டத்தையும் எதிர்த்து முறையிட வந்த குடியானவன் யாரிடம் முறையிட்டான் என்பதைச் சிந்தித்தால், மிச்சம் பிடித்த பணம் யாரிடமிருந்து பிடிக்கப்பட்டது என்பது விளங்கும்.

எல்லையை மாற்றினால் செலவு பெருகும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் செலவு பெருகுவது தீமையன்று என்பதற்கும் நம் அயலிலேயே சான்று உண்டு. 1873இல் தேசாதிபதி கிறெகறி நுவரகலாவியாவை வட மாகாணத்திலிருந்து பிரித்து வட மத்திய மாகாணத்தை அமைத்தார். புதிய மாகாணத்துக்கெனத் தனி அதிபரும் தனிப் பணமும் வந்தன. 1887இல் கலாவெவ திருத்தி முடிக்கப்பட்டது. பிரித்தானியர் இதனைக் கருணையினாற் செய்தனர் எனக் கொள்வது பேதைமை. ஆயினும் ஒரு கோடு வரையப்பட்டதும் அக்கோட்டுக்குள் இருந்த குளங்கள் கணக்கேட்டில் இடம்பெற்றன என்பது உண்மை. கோட்டுக்கு வடக்கே அதே வறட்சியும் அதே உடைந்த அணைக்கட்டுகளும் கொண்ட வன்னி, யாழ்ப்பாணக் கச்சேரியின் வால்மாட்டில் தொடர்ந்து கிடந்தது.

சுதந்திரத்தின் பின்னும் மேன்முறையீடு தூரத்திலேயே இருந்தது. 1971 வரை இறுதி முறையீடு இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்குச் சென்றது. பின்னர் மாற்றங்கள் விரைந்து வந்தன. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் மறைந்தது. 1978இல் மீண்டும் எழுந்தது, கொழும்பிலே. அதே 1978இல் முல்லைத்தீவும் 1984இல் கிளிநொச்சியும் தனி நிருவாக மாவட்டங்களாயின. ஆனால் நிருவாக மாவட்டம் வேறு, நீதி மாவட்டம் வேறு. நீதி வலயங்களையும் மாவட்டங்களையும் வகுப்பவர் நீதி அமைச்சர். அவர் பிரதம நீதியரசரைக் கலந்து வர்த்தமானியில் ஒரு கட்டளையை வெளியிட்டாற் போதும். ஒரு புதிய வரியால் ஏறும் சுமையைப் பாராளுமன்றம் நாட்கணக்கில் விவாதிக்கும். ஒரு கட்டளையால் ஏறும் வழிச்செலவை அது விவாதிப்பதில்லை.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தமே இவ்வரலாற்றின் பெருந்திருப்பம். மாகாண மேல் நீதிமன்றங்கள் உருவாகி, நீதவான் மன்றங்களின் தீர்ப்பை எதிர்க்கும் மேன்முறையீடு மாகாணத்துக்குள் வந்தது. காணிப் பிரிவினை போன்ற குடியியல் வழக்குகளோ 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வரை கொழும்புக்கே போயின. முல்லைத்தீவில் இரண்டு ஏக்கர் வயலுக்கு வழக்காடுபவர், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தொலைவிலுள்ள நகரில் சட்டத்தரணி அமர்த்தி, வழக்கேட்டின் பிரதிக்கும் பணங்கட்டி நடத்தும் மேன்முறையீட்டில் வென்றாலும் வயலின் விளைவிற் பெரும்பங்கு போய்விடும். இடையில் போர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விடுதலைப் புலிகள் தமது நீதிமன்றங்களையே நடத்தினர். அவற்றின் தீர்ப்புக்களை அரச சட்டம் ஏற்கவில்லை.

இப்புதிய ஏற்பாட்டின் நிதிக் கணக்கு விசித்திரமானது. மேல் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் மத்திய அரசின் செலவு. நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டப்பணமும், நீதிமன்றக் கட்டணமும், மன்றில் ஒப்படைக்கும் பத்திரங்களின் முத்திரைக் கட்டணமும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி மாகாணத்தின் வருவாய். ஆகவே புதியதொரு மன்றம் திறக்கப்படும்போது கொழும்பின் ஏட்டில் செலவு மட்டுமே எழுதப்படுகிறது. வரவு வேறோர் ஏட்டிற்குப் போகின்றது. வழக்காளிக்கு மிஞ்சிய பணமோ எந்த ஏட்டிலும் இல்லை. நீதி அமைச்சு எல்லை மாற்றத்தை எப்போதும் நட்டமாகவே காண்பதில் வியப்பென்ன? அந்தத் தண்டப்பணத்தைச் செலுத்துவோர் யாவர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. காட்டில் விறகு வெட்டியவரும், அனுமதியின்றி ஒரு டிராக்டர் மணல் ஏற்றியவரும் அவர்களுள் அடங்குவர்.

மாகாண மேல் நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுவைக் கேட்கும் அதிகாரமும் உண்டு. முன்னர் அது மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே உரியதாயிருந்தது. 2009 மேயில் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமலாக்கப்பட்டோரின் குடும்பத்தினர் சிலர், 2013இல் வவுனியா மேல் நீதிமன்றில் இம்மனுக்களைத் தாக்கல் செய்தனர். அம்மன்றம் விசாரணையை முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. இரு மன்றங்களுக்குமிடையே ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீற்றர். தவணைக்குத் தவணை அத்தாய்மாரும் மனைவியரும் இவ்வழியே போய்வந்தனர். தீர்ப்பு வர ஆண்டுகள் பல கழிந்தன. 1987இன் எல்லைக்கோடு இல்லாதிருந்தால் அவர்கள் கொழும்புக்கே போயிருக்க வேண்டும். போயிருப்பார்களா என்பது வேறு விடயம்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் கொழும்பிற்றான் அமரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேறு எந்த நீதி வலயத்திலும் மாவட்டத்திலும் அது அமரலாமெனப் பிரதம நீதியரசர் பணிப்பதற்கு அரசியலமைப்பு இடமளிக்கின்றது. 2020இல் அம்மன்றத்தின் நீதிபதிகள் தொகை 12இலிருந்து 20 ஆக உயர்த்தப்பட்டது. இவர்களுள் இருவர் மாதத்தில் ஒரு வாரம் வவுனியாவில் அமர்ந்தால், அவர்களுக்கும் உத்தியோகத்தர் சிலருக்கும் வழிப்படியும் தங்குமிடமும் எவ்வளவு ஆகும்? மூன்றே நீதிபதிகளைக் கொண்டு, புகையிரதம் இல்லாத காலத்தில், பற்றாக்குறையில் தத்தளித்த ஓர் அரசு இச்செலவை ஏற்றிருந்தது.