துணியுடுத்த மண்பொம்மை: நீலகிரி

துணியுடுத்த மண்பொம்மை என்பது தலையையும் கைகால்களையும் களிமண்ணில் வனைந்து, உடலைக் கம்பி, வைக்கோல், துணி கொண்டு கட்டி, தைத்த ஆடையை உடுத்திவிடும் கைவினைப் பொம்மை. பார்த்தவுடன் இன்ன ஆள், அல்லது இன்ன வகை ஆள் என்று அது தெரிய வேண்டும். இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டே போகிறார்கள். கண் எப்போது உயிர்பெற்றது, உதடு எப்போது சிரித்தது என்பதே அவர்கள் கேள்வி. கிடைக்கும் சான்றுகளோ வேறு பக்கம் கைகாட்டுகின்றன. மண் ஒருவரை நிற்கவும் உட்காரவும் வைக்கிறது. அவர் யார் என்று சொல்வது உடை. இதைச் சோதித்துப் பார்க்க நீலகிரி நல்ல களம். அதிலும் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் உள்ள அரவேணுவைச் சுற்றிய கிழக்குச் சரிவில், உடையால் மட்டுமே பிரித்தறியத்தக்க பல மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள்.

இம்மலையின் மிகப் பழைய மண்ணுருவங்கள் பொம்மைகள் அல்ல, ஈமப் பொருள்கள். மலைமுகடுகளில் உள்ள கற்குவைகளையும் கல்வட்டங்களையும் 1840-களில் கேப்டன் காங்கிரீவும், பின்னர் நீலகிரியின் முதல் ஆணையரான பிரீக்ஸும் தோண்டினார்கள். பிரீக்ஸ் 1872-இல் இறந்தார். அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அக்குவைகளில் கிடைத்த பானை மூடிகளின் மேல் எருமை, குதிரை, பறவை, ஆண், பெண் எனச் சிறு சுடுமண் உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்திலும் மற்றொரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. மனித உருவங்களை உற்றுப் பார்த்தால் வனைந்தவரின் அக்கறை எங்கே செலவாகியிருக்கிறது என்பது தெரியும். மூக்கைக் கிள்ளி எடுத்து, கண்ணுக்கு ஒரு மண்பொட்டு ஒட்டியதோடு முகம் முடிந்துவிடுகிறது. தலையணிக்கும் கழுத்து மாலைக்கும் மட்டும் தனித்தனி மண்பட்டைகளை உருட்டி ஒட்டி, கீறலிட்டு மெனக்கெட்டிருக்கிறார்கள். இவற்றைச் செய்தவர் யார் என்பதில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. இம்மலைவாழ் தொதவரே என்று காங்கிரீவ் சொன்னதைப் பின்வந்த பலர் ஏற்கவில்லை. எனவே இவ்வுருவங்களுக்கும் இன்றைய பொம்மைகளுக்கும் இடையே அறுபடாத மரபு ஒன்று ஓடுவதாகக் கொள்வதற்கில்லை. துணி கைக்கு வராத இடத்தில் மண்ணையே துணியாகவும் அணியாகவும் ஆக்கியிருக்கிறார்கள் என்ற அளவிலேயே இவை இங்கே பொருட்படுகின்றன.

மண்ணும் துணியும் பின்னாளில் இம்மலையில் இரு வேறு கைகளுக்குப் போயின. கோத்தர் கொல்லர், தச்சர், இசைக்கலைஞர். அவர்களின் பெண்கள் மட்பாண்டம் வனைபவர்கள். தொதவர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்பவர்கள்; அப்போர்வைக்குப் பூத்குளி என்று பெயர். படகர் தானியம் தர, தொதவர் நெய் தர, குறும்பர் காட்டுப்பொருள் தர, கோத்தர் பானையும் இரும்புக் கருவியும் தர, பணமில்லாமலே நடந்த கொடுக்கல் வாங்கல் இம்மலையின் பழைய வாழ்க்கைமுறை. இதில் பொம்மைக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தொதவர், கோத்தர், படகர் மூவருக்குமே மரபுடை வெள்ளைதான். பேரகணியில் நடக்கும் எத்தையம்மன் திருவிழாவில் ஆயிரக்கணக்கான படகர்கள் வெள்ளையில்தான் திரள்கிறார்கள். ஆகவே இங்கே நிறத்தைக் கொண்டு ஆளைச் சொல்ல முடியாது. கட்டும் முறைதான் சொல்லும். ஒரே முகமுள்ள மூன்று மண்தலைகளை எடுத்து, ஒன்றுக்குத் தோள் மூடிய பூத்குளியும், இன்னொன்றுக்கு முண்டும் தலைத்துணியும், மூன்றாவதற்குச் சேலையும் அதன்மேல் சட்டையும் இடுப்பைச் சுற்றிய சாக்கும் கொடுத்தால், அவை முறையே தொதவர் பெண், படகர் பாட்டி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் தொழிலாளி ஆகிவிடும். தலைகளை இடம் மாற்றிப் பார்த்தாலும் பெயர்கள் உடையோடுதான் நிற்கும். கொழுந்து பறிக்கும் பொம்மையில் அடையாளம் சமூகத்திலிருந்து வேலைக்கு நகர்வதையும் கவனிக்கலாம். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி இங்குள்ள தோட்டங்களில் குடியேறியவரையும் அந்த இடுப்புச் சாக்கு மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டாது.

முகத்தின் கட்சிக்காரர்கள் வங்காளத்தைக் காட்டுவார்கள். கிருஷ்ணநகரை ஒட்டிய கூர்ணியின் மண்கலைஞர்கள் 19-ஆம் நூற்றாண்டில் நரம்பும் சுருக்கமும் தெரியுமளவுக்கு முகங்களை வனைந்து உலகப் புகழ் பெற்றார்கள். 1851 லண்டன் பொருட்காட்சி முதல் 1886 காலனிய–இந்தியக் கண்காட்சி வரை அவர்கள் வேலை காட்சிக்குப் போனது. யதுநாத் பால் அவர்களுள் பெரும்பெயர். முகத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களே அந்த உருவங்களுக்கு மண்ணில் ஆடை செதுக்குவதோடு நிற்காமல் அசல் துணியை உடுத்தினார்கள். கண்காட்சி நடத்தியவர்களுக்கு வேண்டியிருந்ததும் ஒரு தனி மனிதரின் முகம் அன்று. ‘இன்ன சாதி’, ‘இன்ன தொழில்’ என்று சீட்டு ஒட்டத்தக்க உருவம். உடை ஆளைச் சொல்கிறது என்பதன் கெட்ட பக்கமும் இங்கேதான் தெரிகிறது. உயிருள்ள மக்களை ஒரே உடுப்புக்குள் உறையவைத்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கும் பழக்கத்துக்கு இப்பொம்மைகளும் துணைபோயின. பிரீக்ஸின் நூலில் நீலகிரி மக்களின் புகைப்படங்கள் அடுக்கப்பட்டிருப்பதற்கும் இதற்கும் உறவு உண்டு.

இரண்டாவது மறுப்பு ஜெர்மனியிலிருந்து வரும், இது வலுவானது. அங்கே சுட்ட பீங்கான் தலையும் துணி அல்லது தோல் உடலும் கொண்ட பொம்மைகள் பெருந்தொழிலாக இருந்தன. எல்லாப் பொம்மைக்கும் ஒரே அழகு முகம் சலித்துப்போக, மரியன் கௌலிட்ஸ் 1908-இல் மியூனிக்கில் உண்மைக் குழந்தைகளைப் போன்ற முகங்களை அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டே கெமர் & ரைன்ஹார்ட் நிறுவனம் அழுகிற, முகம் சுளிக்கிற குழந்தைத் தலைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குணத்தை முகத்தில் வைப்பதே இந்த இயக்கத்தின் கொள்கை. நடைமுறை அவ்வளவு தூயதாக இல்லை. அந்த நிறுவனத்தின் 101 எண் அச்சில் வார்த்த தலை, ஆண் உடையில் பீட்டர், பெண் உடையில் மரீ என்று விற்கப்பட்டது. 1910 முதல் பொம்மை விற்ற கேத்தே குரூஸும் தம் முதல் வகைப் பொம்மைகளுக்கு ஒரே முகத்தைத்தான் பயன்படுத்தினார். உடையும் பெயரும் மாறின, குழந்தையும் மாறியது.

தமிழ்க் கொலுவின் செட்டியார் பொம்மைக்கு அசல் துணியே இல்லையே என்று கேட்கலாம். பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் அச்சில் வார்த்து வண்ணம் பூசும் பொம்மைகளில் வேட்டியும் சேலையும் வெறும் சாயந்தான். ஆனாலும் அந்தச் செட்டியாரை அடையாளம் காட்டுவது முன்னால் பரப்பிய அரிசியும் பருப்பும் பூசிய வேட்டியும் தொப்பையுமே, முகச்சாடை அல்ல. கொலுவின் மூத்த உறுப்பினரான மரப்பாச்சி இன்னும் தெளிவான சாட்சி. மரத்தில் கடைந்த அந்த ஜோடிக்கு முகம் ஒரு கோட்டளவு. வீட்டார் ஆண்டுதோறும் உடுத்திவிடும் பட்டுதான் அதை மணமக்களாக்குகிறது.

நீலகிரியில் இன்று இப்பொம்மை செய்ய முனைவோருக்கு முதல் எதிரி ஈரம். கிழக்குச் சரிவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சுடாத களிமண் அப்போது காயாது, காய்ந்தாலும் பின்னர் ஈரம் இழுத்து விரிசல் விடும். களிமண்ணில் பஞ்சோ காகிதக் கூழோ பிசைவதும், தலை, கை, கால் மட்டும் மண்ணாக, மற்றதெல்லாம் துணியாக வைப்பதும் அழகுக்காக மட்டுமல்ல, இந்த வானிலைக்காகவும்தான். ஊசிக்குக் குறைவில்லை, நாடறிந்த போனி ஊசிகள் கேத்தி பள்ளத்தாக்கில் தயாராகின்றன. அடுத்த சிக்கல் அளவு. டெல்லியில் 1965-இல் தொடங்கிய சங்கர் சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகம் தன் பட்டறையிலேயே இந்திய உடைகளைப் பொம்மை அளவுக்குத் தைத்தது. சேலை முந்தானையை மெல்லிய துணியில் சுருக்கிவிடலாம். பூத்குளியைச் சுருக்க முடியாது. தொதவர் பூவேலை துணியின் இழையை எண்ணி எண்ணித் தைப்பது. இழை சிறுக்காவிட்டால் கோலமும் சிறுக்காது. ஒரு சாண் பொம்மையின் தோளில் அது இயல்பைவிடப் பருத்த பட்டைகளாகவே விழும்.

இதற்கு எளிய வழியாகத் தோன்றுவது அந்தக் கோலத்தை அச்சிட்ட துணியை வாங்கி வெட்டுவது. தொதவர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பாதுகாப்பு கையால் எண்ணித் தைத்த வேலைக்கு உரியது. அச்சுத் துணி போர்த்திய பொம்மையைத் ‘தொதவர் பூவேலை’ என்ற பெயரில் விற்க இடமில்லை. பருத்த பட்டையாக இருந்தாலும் தொதவர் பெண்ணிடம் சிறு துண்டாகத் தைத்து வாங்கிப் போர்த்தினால் பொம்மையின் விலை ஏறும், உருவத்தின் அளவும் அந்த இழைக்கு ஏற்பப் பெரிதாக வேண்டியிருக்கும்.