ஒரு தொண்டை, நாலு குரல்

மார்ச் முடிவுக் கணக்கு, ஆடிட்டர், அதுக்கப்புறம் விழாக் கணக்கு எல்லாம் முடிஞ்சு இப்பத்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நேரம் கிடைச்சது. இன்னிக்கு ஒரு பஞ்சாயத்தும், அதையொட்டி நான் தேடிப் படிச்ச ஒரு சரித்திரமும். கொஞ்சம் நீளமான பதிவு. காபியோட உட்காருங்க.

நாக்பூர்ல நாங்க இருக்கற பகுதியில வருஷா வருஷம் சித்திரைத் திருநாள் கொண்டாடுவோம். வங்கிக்காரன் என்கிற ஒரே தகுதியில விழாக் கணக்கு என் தலையில. நிகழ்ச்சியில குழுப்பாட்டுன்னு ஒரு பிரிவு உண்டு. குறைஞ்சது நாலு பேர் சேர்ந்து பாடணும். மூணு வருஷம் முன்னாடி என் பொண்ணோட குழுவுல ஏழு பேர். அப்புறம் ஒருத்தருக்கு புவனேஸ்வர் மாற்றல், ஒருத்தருக்கு ரிடையர்மென்ட், ரெண்டு பொண்ணுங்க காலேஜுக்கு சென்னை போயாச்சு. நம்ம மாதிரி ஊர் மாறிப் பிழைக்கிற குடும்பங்கள்ல இதெல்லாம் சகஜம். இந்த வருஷம் மிச்சம் இருந்தது என் பொண்ணு மட்டும்தான்.

அவ என்ன பண்ணினா? மொபைல்ல ஹார்மனி ஆப் ஒண்ணைப் போட்டு, ஒரு பாரதியார் பாட்டைத் தனியாப் பாடி, நாலு குரலாக்கிக் கொண்டு வந்துட்டா. கேட்டா நாலு பொண்ணுங்க சேர்ந்து பாடற மாதிரியே இருக்கு. "குழுப்பாட்டுல சேர்த்துக்கோங்க" என்கிறா. கமிட்டியில ரெண்டு கட்சி. "இது ஏமாத்து வேலை சார்" என்றார் ஒருத்தர். "குழந்தை ஆசையாப் பண்ணியிருக்கா, விடுங்க" என்றார் இன்னொருத்தர். கடைசியில எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. பெத்தவன்கிட்டயே தீர்ப்பு!

ரெண்டு நாள் அவகாசம் கேட்டேன். பி.காம் படிச்சவனுக்கு சவுண்ட் இன்ஜினியரிங் எங்கே தெரியும்? ஆனா உள்ளே போகப் போக, இது நமக்குப் பழக்கமான கணக்குத்தான்னு தெரிஞ்சது.

முதல்ல நம்ம வீட்டு டேப் ரெக்கார்டரை நினைச்சுக்கோங்க. பேட்டரி இறங்கினா என்ன ஆகும்? பாட்டு இழுக்கும், பாடகியோட குரல் ஆம்பளைக் குரலாயிடும். டேப் வேகமா ஓடினா எல்லாரும் கீச்சுக்குரல்ல பறப்பாங்க. அதாவது வேகமும் சுருதியும் ஒரே கயித்துல கட்டின ரெண்டு மாடு. ஒண்ணு ஓடினா இன்னொண்ணும் ஓடும். இந்தக் கயித்தை அவிழ்க்கறதுக்கு மனுஷன் பட்ட பாடுதான் இந்தச் சரித்திரம்.

அவிழ்க்க முடியாத காலத்துல, அந்தக் கட்டையே சிலர் காசாக்கினாங்க. 1958-ல ராஸ் பாக்தசாரியன் என்கிற அமெரிக்கர், டேப்பைப் பாதி வேகத்துல ஓடவிட்டு மெதுவாப் பாடிப் பதிவு பண்ணி, அதை முழு வேகத்துல போட்டார். பாட்டு சரியான தாளத்துல வந்தது, குரல் மட்டும் ஒரு ஸ்தாயி மேலே போய் அணில் குரலாயிடுச்சு. அப்படித்தான் 'சிப்மங்க்ஸ்' பிறந்தது. அடுத்த வருஷம் நடந்த முதல் கிராமி விழாவுல அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மூணு விருது.

அதுக்கும் முன்னாடி, 1951-ல, லெஸ் பால் – மேரி ஃபோர்ட் தம்பதி 'ஹவ் ஹை த மூன்' என்கிற பாட்டை வெளியிட்டாங்க. அதுல கோரஸாக் கேட்கற குரல்கள் எல்லாம் மேரி ஃபோர்ட் ஒருத்தரோடதுதான். ஆனா மெஷின் பண்ணின நகல் இல்லை. ஒரு வரிசை பாடி, அதைக் கேட்டுக்கிட்டே அடுத்த வரிசை பாடி, அதுக்கு மேல இன்னொண்ணு பாடி, அடுக்கடுக்காப் பதிவு பண்ணினது. ஒரு தொண்டைதான், ஆனா ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி உழைப்பு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

கயித்தை அவிழ்க்கற யோசனைக்கு வருவோம். ஹங்கேரியில பிறந்து இங்கிலாந்துல வேலை பார்த்த டென்னிஸ் காபர், 1946-ல ஒரு கட்டுரை எழுதினார். (ஹோலோகிராஃபிக்காக 1971-ல நோபல் வாங்கினாரே, அவரேதான்.) சத்தத்தைத் தொடர்ச்சியான கயிறாப் பார்க்காம, மணி மணியான துணுக்குகளாப் பார்க்கலாம் என்றார். அரிசியை அளக்கற மாதிரி. துணுக்குகளைத் திரும்பப் போட்டு இடைவெளியை நிரப்பினா நேரம் நீளும், சுருதி மாறாது. சிலதை விட்டுட்டா நேரம் குறையும். 1954-ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஃபேர்பேங்க்ஸ் குழு, சுழலும் டேப் ஹெட்டை வெச்சு இந்த வேலையைப் பண்ற கருவியைப் பத்தி எழுதினாங்க. அவங்க மனசுல இருந்தது சங்கீதம் இல்லை, பேச்சைச் சுருக்கறதும் நீட்டறதும்தான்.

இதைப் பாட்டுக்காரங்க கைக்குக் கொண்டு வந்தது ஈவென்டைட் என்கிற அமெரிக்கக் கம்பெனி. டோனி அக்னெல்லோ வடிவமைச்ச எச்-910 ஹார்மனைசர் 1975-ல விற்பனைக்கு வந்தது. வர்ற சத்தத்தை எண்களாக்கி நினைவகத்துல எழுதும். எழுதின வேகத்தைவிட வேகமாப் படிச்சா சுருதி ஏறும், மெதுவாப் படிச்சா இறங்கும். ஆனா படிக்கற கை எழுதற கையைத் தாண்டிப் போயிட்டா? பழைய இடத்துக்குத் தாவணும். அந்த ஒட்டு போடற இடத்துல ஒரு 'டக்'. 1977-ல வந்த எச்-949 அந்த ஒட்டை நைசாப் போடக் கத்துக்கிச்சு. நம்ம தையல்காரர் கோடு போட்ட துணியில, கோட்டோட கோடு சேர்த்துத் தைக்கற மாதிரி.

எச்-910 வாங்கின ஆரம்ப வாடிக்கையாளர்கள்ல ஒரு நியூயார்க் டிவி ஸ்டேஷனும் உண்டு. 'ஐ லவ் லூசி' பழைய எபிசோடுகளைக் கொஞ்சம் வேகமா ஓட்டினா, மிச்சமாகற நேரத்துல கூடுதல் விளம்பரம் போடலாம். வேகத்துல ஏறின குரல்களை இறக்கி, பார்க்கறவங்களுக்குத் தெரியாம பண்றதுக்கு இந்தப் பெட்டி. ஆக, ஏமாத்து வேலைன்னு எங்க கமிட்டிக்காரர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை :-) அதே பெட்டியை டோனி விஸ்கோன்டி, டேவிட் போவியோட 1977 'லோ' ஆல்பத்துல டிரம் மேல போட்டு, யாரும் கேட்காத ஒரு சத்தத்தை வரவழைச்சார். கருவி ஒண்ணுதான், பண்ற காரியம் வேற வேற.

இப்போ என் துறைக்கு வர்றேன். ஒரு ஸ்தாயி ஏறினா அதிர்வெண் இரட்டிப்பு. நடுவுல 12 அரைச்சுரம். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு ஏத்தணும்? சுமார் 5.95 சதவீதம், கூட்டு வட்டி! 72-ஐ வட்டி விகிதத்தால வகுத்தா பணம் இரட்டிப்பாகற வருஷம் கிடைக்கும்னு டெபாசிட் போட வர்றவங்களுக்கு இத்தனை வருஷமாச் சொல்லிட்டு இருக்கேன். 6 சதவீதத்துக்கு 12 வருஷம். ஹார்மோனியத்துலயும் அதே கணக்குன்னு தெரிஞ்சப்ப, நடு ராத்திரியில தங்கமணியை எழுப்பிச் சொல்லித் திட்டு வாங்கினேன்.

ஆனா ஹார்மனிக்கு நிரந்தர வட்டி விகிதம் ஒத்துவராது. சங்கராபரணத்துல ச-வுக்குத் துணையா க பாடினா நாலு அரைச்சுரம் தள்ளி. ரி-க்குத் துணையா ம பாடினா மூணுதான். எல்லாத்துக்கும் நாலு நாலுன்னு ஏத்தினா ராகத்துல இல்லாத சுரம் வந்து பல்லை இளிக்கும். 1980-களின் பிற்பகுதியில வந்த எச்-3000 மாதிரி பெட்டிகள்ல இதுக்கு வழி இருந்தது. 'இன்ன சுருதி, இன்ன ஸ்கேல்'னு முன்கூட்டியே சொல்லிட்டா, ஒவ்வொரு சுரத்துக்கும் எத்தனை தள்ளணும்னு பெட்டியே பார்த்துக்கும்.

இன்னும் ஒரு சிக்கல், அணில் குரல். குரல்ல ரெண்டு விஷயம் இருக்கு. வீணையை வெச்சுச் சொன்னா, தந்தி வேற, குடம் வேற. தந்தியை முறுக்கினா சுருதி ஏறும், குடம் அப்படியே இருக்கும். அதனாலதான் அது வீணையாவே கேட்குது. பழைய கருவிகள் தந்தியோட சேர்த்துக் குடத்தையும் சுருக்கிடும். குரல் பொம்மைக் குரலாகும். 1989-ல கீத் லென்ட் எழுதின முறையும், அடுத்த வருஷம் பிரான்ஸ்ல மூலீன், ஷார்பான்தியே ரெண்டு பேரும் எழுதின முறையும் குடத்தைத் தொடாம தந்தியை மட்டும் முறுக்க வழி காட்டின. குரலை ஒவ்வொரு அதிர்வாப் பிரிச்சு, நெருக்கியோ தள்ளியோ அடுக்கறது. காபரோட அரிசி மணியேதான், இந்தத் தடவை சரியா அளந்து.

1997-ல ஆட்டோ-டியூன். அதைப் பண்ணின ஆண்டி ஹில்டபிராண்ட், முன்னாடி பூமிக்கடியில எண்ணெய் தேடறதுக்கான அதிர்வலைக் கணக்குல இருந்தவர். 1998-ல பாடகி ஷெர் 'பிலீவ்' பாட்டுல அதை வேணும்னே முரட்டுத்தனமாத் திருகி, குரலைப் படிக்கட்டு மாதிரி ஆக்கினாங்க. மறைச்சுப் பண்ற திருத்தம் அன்னிக்கு வெளிப்படையான அலங்காரம் ஆச்சு.

அப்புறம் எல்லாம் சுருங்கிச் சட்டைப் பைக்குள்ள வந்தாச்சு. 2008-ல ஐபோனுக்கு ஆப் கடை திறந்தாங்க. 2009-ல ஸ்மூல் கம்பெனி 'ஐ ஆம் டி-பெயின்'னு ஒரு ஆப் விட்டாங்க. பாடினா உடனே அந்தப் பாடகர் பாணியில குரல் மாறும். நம்ம வீடுகள்ல மாமிகள், சித்தப்பாக்கள் எல்லாம் இளையராஜா டூயட் பாடினது அதே கம்பெனியோட கரோக்கி ஆப்லதான். 2011-ல கராஜ்பேண்ட் ஐபேடுக்கு வந்தது. ஹார்மனி வாய்ஸ், வொலோகோ மாதிரி ஆப்கள், ஒரு காலத்துல ஸ்டுடியோ அலமாரியில இருந்த வேலையை உள்ளங்கையில பண்ண ஆரம்பிச்சது.

வீட்டுல முயற்சி பண்றவங்களுக்கு ரெண்டு மூணு சமாச்சாரம். சுருதியையும் ஸ்கேலையும் முதல்ல சரியாப் போடுங்க. நம்ம ஒரு கட்டை என்கிறது அவங்க சி, ஐந்து கட்டை என்கிறது ஜி. ஒயர் உள்ள ஹெட்போன் நல்லது. ப்ளூடூத்ல குரல் தாமதமா வந்து தாளத்தைக் கெடுக்கும். ஆம்பளைங்க அடிக்குரல்ல பாடினா ஆப் கொஞ்சம் திணறும். விநாடிக்கு 100 அதிர்வுன்னா ஒரு அதிர்வுக்கே 10 மில்லி விநாடி, ஒண்ணு ரெண்டு அதிர்வாவது கேட்டாத்தானே அதுக்குச் சுருதி புரியும்? முக்கியமா, கமகம். பெரும்பாலான ஆப்களுக்கு மேஜர், மைனர்தான் பரிச்சயம். நாம சுரத்தை அசைச்சுப் பிடிச்சா, அது பக்கத்து சுரத்துக்குப் போயிட்டோம்னு நினைச்சுத் தாவும். என் பொண்ணு ஒரு அசைவு கொடுத்த இடத்துல, கூட இருந்த மூணு குரலும் விக்கினதை நானே கேட்டேன்.

அந்த விக்கல்லதான் எனக்குத் தீர்ப்பும் கிடைச்சது. நாலு குரலும் ஒரே இடத்துல விக்கும். ஒரே இடத்துல மூச்சு வாங்கும். நிஜக் கோரஸ்ல ஒருத்தி ஒரு நூல் முன்னாடி, ஒருத்தி ஒரு நூல் பின்னாடி. அந்தச் சின்னப் பிசகுகள்தான் காதுக்கு 'பல பேர்'னு சொல்லுது. ஆப்லயும் இதுக்காகவே சுருதியையும் நேரத்தையும் லேசாக் கலைக்கற திருகு சிலதுல உண்டு.

கமிட்டியில சொன்னேன்: "ஒரே தொகையை நாலு லெட்ஜர்ல எழுதினா நாலு டெபாசிட் ஆகாது. ஆனா எழுதினதை மறைக்கலைன்னா அது மோசடியும் ஆகாது. தலைப்பை மாத்துவோம். குழுப்பாட்டு இல்லை, தனிப்பாட்டு. ஒரு குரல், போன்ல நாலாக்கினதுன்னு அறிவிச்சுடுவோம்." எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நியாயமாப் பேசிட்ட திருப்தியோட வீட்டுக்கு வந்து சொன்னேன்.

பொண்ணு கோபப்படலை. "நாலு பேர் இருந்தா நான் ஏம்ப்பா போன்கிட்ட போகப் போறேன்?" என்றா. அவ்வளவுதான். எனக்கு பதில் வரலை. இந்த ஊருக்கு மாற்றல் வாங்கிட்டு வந்தது நான்தானே.

ராத்திரி தங்கமணிதான் கேட்டா, "அந்தக் கீழ்க் குரல் மட்டும் தனியா வருமாடி?" வந்தது. மத்த மூணையும் அணைச்சுட்டு, அந்த ஒரு வரிசையைப் பத்து தடவை கேட்டா. கல்யாணத்துக்கப்புறம் கொலுவுக்குக்கூட வாய் திறக்காதவ. மறுநாள் எதிர்வீட்டு மராட்டிப் பொண்ணும், மாடியில இருக்கற தெலுங்குக்கார அம்மாவும் ஆளுக்கொரு வரிசை எடுத்துக்கிட்டாங்க. தமிழ் வார்த்தைகளை ஒருத்தி தேவநாகரியில, ஒருத்தி தெலுங்குல எழுதி வெச்சுக்கிட்டா. மேரி ஃபோர்ட் அடுக்கடுக்காப் பாடினது போய், ஆப் வாத்தியாராகி, நாலு நிஜத் தொண்டை வந்தாச்சு.

விழாவுல குழுப்பாட்டாவே பாடினாங்க. ரெண்டாவது சரணத்துல தங்கமணி ஒரு வரி முன்னாடியே எடுத்துட்டா, மராட்டிப் பொண்ணு சிரிச்சுட்டா. பரிசு கிடைக்கலை. ரெக்கார்டிங் இருக்கு, அந்தச் சிரிப்போட.

பி.கு: உங்க ஊர்லயும் கோரஸுக்கு ஆள் குறைஞ்சு போச்சா? என்ன பண்றீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.